மெழுகுவத்தி தன் புகையிலேயே மூச்சுத் திணறுமா?

4 மே, கேள்வி

விண்வெளி நிலையத்துக்குள் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினால் சில நொடிகளில் தானாக அணைந்துவிடும் என்று எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் தேர்வில் எழுதியிருக்கிறாள். அவள் சொல்லும் காரணம்: அது ஈர்ப்பே இல்லாத இடம், சூடான காற்று மேலே போகாது, அதனால் புதுக் காற்று உள்ளே வராது, தான் விட்ட கரியமில வாயுவிலேயே தீ மூச்சடைத்துச் செத்துவிடும். ஆசிரியர் பாதி மதிப்பெண்தான் போட்டிருக்கிறார். பிள்ளை அழுகிறாள். யார் சொல்வது சரி?

4 மே, இரவு

பிள்ளை சொல்வதுதான் சரி. மீதிப் பாதியையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு மெழுகுவத்தியின் சுடர் நுனி கூராக நிமிர்ந்து நிற்பது புவியீர்ப்பு அதற்குப் பிடித்துவைத்த வடிவம். எரிந்த வாயு சூடாகி இலேசாகிறது. சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் அடியில் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. புகுந்த காற்றோடு ஆக்சிஜனும் வருகிறது. ஆக, சுடர் தானே இழுத்துவிடும் புகைபோக்கி அது. மேலும் கீழும் இல்லாத இடத்தில் இந்த இழுப்பு நின்றுவிடும். இழுப்பு நின்றால் தீ நின்றது.

நூற்பாலைகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தீப்பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். பஞ்சும் தீப்பொறியும்தான் பிழைப்பு. அதனால் தீயைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் உயரும்.

5 மே, காலை

ஒரு சின்னத் திருத்தம். கேள்வியில் "ஈர்ப்பே இல்லாத இடம்" என்று இருக்கிறது. விண்வெளி நிலையம் சுற்றிவருவது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருக்கும் ஆட்களும் காற்றும் சேர்ந்து ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பதால்தான் எடை தெரிவதில்லை. நுண்ணீர்ப்பு என்று சொல்வது அதனால்தான். ஆசிரியர் பாதி மதிப்பெண்ணை இதற்காகக் குறைத்திருந்தால் நியாயம்.

இதை எழுதும்போதே ஒன்று உறைத்தது. விழுந்தாலே போதும் என்றால் ராக்கெட் எதற்கு? என் வீட்டு மொட்டைமாடி இருக்கிறதே.

5 மே, மாலை

செய்துவிட்டேன். கண்ணாடி ஊறுகாய் பாட்டில் ஒன்று. மூடியின் உட்புறம் இரண்டு சொட்டு மெழுகு விட்டு அதில் சின்ன மெழுகுவத்தியை நட்டேன். ஏற்றி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் திருகி மூடினேன். அதையும் பழைய கைபேசி ஒன்றையும் எதிரெதிராக ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்துத் துணி அடைத்தேன். கைபேசியில் மெதுவோட்டப் பதிவு, நொடிக்கு 120 படம். வாளியும் பாட்டிலும் கைபேசியும் ஒன்றாக விழும். ஆகவே கைபேசியின் கண்ணுக்குப் பாட்டில் அசையாமல் நிற்கும். கீழே மூன்று மெத்தைகள். மூன்று மீட்டர் வீழ்ச்சி, அதாவது முக்கால் நொடியும் சொச்சமும்.

தீ அணைந்துவிட்டது! வாளியை விட்ட மறுகணமே மஞ்சள் சுருங்கியது. பத்துப் பதினைந்து படங்களுக்குள் காணாமல் போனது. அப்புறம் வெறும் திரிதான். பிள்ளைக்கு முழு மதிப்பெண். என் கட்சி வென்றது.

பாட்டிலில் கீறல் விழுந்துவிட்டது. அது எதற்காக என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

(பிள்ளைகளைத் தனியே விட்டு இதைச் செய்யச் சொல்லாதீர்கள். தீ, கண்ணாடி, மாடிக் கைப்பிடிச் சுவர் மூன்றும் ஒரே இடத்தில்.)

7 மே

என் கட்சி தோற்றுவிட்டது.

நேற்று இரவு பதினோரு மணிக்குத் தெருவிளக்கு அணைந்திருந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். பகலில் எடுத்த படத்தில் வெறும் திரியாகத் தெரிந்த இடத்தில், இருட்டில் எடுத்த படத்தில் ஒரு நீல மொட்டு இருக்கிறது. மங்கல்; கைபேசித் திரையின் வெளிச்சத்தை முழுதும் கூட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். திரியைச் சுற்றிக் குடை கவிழ்த்ததுபோல் அரைவட்டமாக நிற்கிறது. நுனி இல்லை, ஆட்டம் இல்லை. மெத்தையில் விழுந்த அடுத்த நொடி அதே மொட்டிலிருந்து மஞ்சள் நாக்கு குபீரென்று நீள்கிறது. அணைந்த தீ எப்படித் திரும்ப வரும்? அது அணையவே இல்லை. பகல் வெளிச்சத்தில் என் கண்தான் அணைந்திருந்தது.

நான்கு முறை போட்டதில் இரண்டு முறை விழுந்த அதிர்ச்சியில் தீ போனது. மற்ற இரண்டிலும் பிழைத்து எழுந்தது.

சுடரில் நாம் பார்க்கும் மஞ்சள் தீயின் நிறம் என்பதை விட அதற்குள் வெந்து ஒளிரும் கரித்துகளின் நிறம் என்பதே சரி. லாந்தர்க் கண்ணாடியில் படிகிறதே, அதே கரி. நுண்ணீர்ப்பில் அந்தக் கரி உண்டாகும் அளவுக்குச் சுடரின் சூடு போவதில்லை. மிஞ்சுவது எரியும் வாயுவின் சொந்த நீலம்.

7 மே, கொஞ்ச நேரம் கழித்து

சரி, முக்கால் நொடியில் அணையவில்லை என்பதால் முக்கால் மணி நேரத்தில் அணையாது என்று ஆகிவிடுமா? ஆகாது. பிள்ளை கேட்டது அதைத்தானே. தேடிப் படித்தேன். கதை என் கதையைவிட நன்றாக இருக்கிறது.

1992-இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் மெழுகுவத்திகளை ஏற்றிப் பார்த்தார்கள். துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். சராசரியாக 45 நொடி எரிந்து அணைந்தன. பிள்ளையின் விடை அப்படியே நிரூபணம் ஆனதுபோல் இருக்கிறது, இல்லையா?

1996-இல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் அமெரிக்க வீராங்கனை ஷானன் லூசிட் மறுபடி ஏற்றினார். இந்த முறை பிளாஸ்டிக் பெட்டிக்குப் பதிலாகக் காற்று தாராளமாகப் போய்வரும் கம்பிவலை. ஒரு மெழுகுவத்தி 45 நிமிடம் எரிந்தது.

நொடி நிமிடமானது. முதல் மெழுகுவத்திகளைக் கொன்றது அவற்றின் புகை அல்ல, பெட்டி.

ஓட்டம் இல்லாவிட்டாலும் விரவல் இருக்கிறது. மூலையில் ஊதுவத்தி வைத்தால் காற்றே அசையாத அறையிலும் மணம் எதிர்மூலைக்கு வந்துசேர்கிறதே, அதுபோல ஆக்சிஜன் மூலக்கூறுகள் அடர்ந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தாமாக நகர்ந்து வருகின்றன. மெதுவாகத்தான். அதனால் சுடரும் மெதுவாக, குளிர்ச்சியாக, எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில் நின்று எரிகிறது. உருண்டை வடிவம் அதிலிருந்து வருகிறது.

பாதி மதிப்பெண் போட்ட ஆசிரியரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். மேல் கீழ் இல்லை, இழுப்பு இல்லை என்கிற முதல் பாதி சரி. செத்துவிடும் என்கிற பின்பாதி தவறு. அவர் மிகச் சரியாகப் பாதி போட்டிருக்கிறார்.

8 மே

மாடியிலிருந்து தீயைப் போடுகிற கிறுக்கன் நான் மட்டும்தானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. 1950-களில் டோக்கியோவில் குமாகாய் என்ற பேராசிரியர் எரியும் எண்ணெய்த் துளியை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பெட்டியை விழவிட்டுப் படம் எடுத்தார். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். விண்வெளிக்கு யாரும் போகாத காலம் அது. இந்தத் துறையே அந்தப் பெட்டியிலிருந்து தொடங்கியது என்கிறார்கள். எனக்கு அரை அங்குலம் நெஞ்சு நிமிர்ந்தது.

இப்போது கிளீவ்லாந்தில் நாசாவுக்கு ஒரு கிணறு இருக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பெட்டியை 132 மீட்டர் கீழே போடுகிறார்கள்; 5.18 நொடி கிடைக்கிறது. ஜெர்மனியின் பிரேமனில் ஒரு கோபுரம். அங்கே மேலிருந்து போட்டால் நான்கே முக்கால் நொடிக்கு ஒட்டி. கீழிருந்து மேலே எறிந்து திரும்பி விழவிட்டால் ஒன்பது நொடியைத் தாண்டும். கல்லை மேலே எறிந்தால் ஏறும்போதும் அது எடையற்றுத்தான் இருக்கிறது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

11 மே

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இதுதான் மூன்று நாளாக மனதைக் குடைகிறது.

ஆலையில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்: புகை மேலே போகும், நீ கீழே குனி. தவழ்ந்து வெளியே வா. புகை உணர்கருவி கூரையில் இருக்கும். தீ சுவரில் ஏறும், இறங்குவது அரிது. என் இருபத்திரண்டு ஆண்டு அனுபவமும் 'மேலே' என்ற ஒரே சொல்லில் தொங்குகிறது.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டால்? கூரை இல்லை. புகை எங்கும் ஏறாது; பிறந்த இடத்திலேயே மேகம்போல் குந்திக்கொள்ளும். உணர்கருவியை எங்கே மாட்டுவது? விண்வெளி நிலையத்தில் அதைக் காற்றோட்டப் பாதையில் மாட்டுகிறார்கள், காற்றை உறிஞ்சித் திரும்ப எடுக்கும் வாய்க்குப் பக்கத்தில். அங்கே மின்விசிறிகள் ஓயாமல் ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் தூங்குகிறவரின் மூச்சே முகத்தைச் சுற்றித் தேங்கி நிற்கும். ஆக அந்த விசிறிக் காற்றுதான் புகையைக் கருவியிடம் கொண்டுவரும் ஆள்.

ஆனால் அதே காற்றுதானே தீக்கும் சோறு போடும் ஆள்?

போடுகிறது. அதனால்தான் அபாயமணி அடித்ததும் அங்கே முதலில் நடப்பது விசிறி நிற்பது. யாரும் ஓடிப்போய் நிறுத்த வேண்டியதில்லை, கணினியே நிறுத்திவிடுகிறது. இதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

12 மே

பல ஆண்டுகளுக்கு முன், பெயர் வேண்டாம், ஓர் ஆலை. புளோரூமில், அதாவது பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் அறையில், பஞ்சு உடைக்கும் இயந்திரத்துக்குள் பேல் என்னும் பஞ்சுப் பொதியைக் கட்டும் கம்பித்துண்டு ஒன்று பஞ்சோடு போய்விட்டது. இரும்பில் இரும்பு உரசிப் பொறி. பஞ்சுக்குப் பொறி போதும். இயந்திரத்தை நிறுத்தினோம், தீயணைப்பானை அடித்தோம், இரண்டே நிமிடத்தில் தீயை முடித்துவிட்டோம் என்று கை தட்டாத குறை. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

குழாயின் மறுகோடியில் உறிஞ்சும் விசிறியை யாரும் நிறுத்தவில்லை. யாரும் என்றால் நான். என் பொறுப்பு அது. பொறிபட்ட பஞ்சு காற்றோடு போய்க் கழிவுப் பஞ்சு சேரும் அறையில் விழுந்து கனன்றது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த அறையின் கதவிடுக்கிலிருந்து புகை வந்தது. ஆளுக்குச் சேதமில்லை. ஒரு சுவர் கரியாக இன்றும் நிற்கிறது என்று கேள்வி.

அன்றிலிருந்து என் முதல் கட்டளை தண்ணீர் அல்ல. "காற்றை நிறுத்து." ஆலையில் என்னைக் கேலியாக அழைக்கும் பெயரும் அதுதான். விண்வெளி நிலையத்தின் கணினியும் அதையே சொல்கிறது என்றால் எழுந்திருக்க மாட்டேனா?

ஆக, என் தீர்ப்பு: நுண்ணீர்ப்பில் 'மேலே' என்பது காற்று போகும் திசை. எங்கள் குழாயைப் போலவே அங்கேயும் தீ காற்றோடு போகும்.

14 மே

மேலே உள்ள கடைசி வரியை அடித்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப உதைபடுவதை யாராவது எண்ணுகிறீர்களா?

1996 பிப்ரவரி, மார்ச்சில் கொலம்பியாவில் ஒரு சோதனை. வடிதாள் துண்டின் நடுவே சூடு காட்டிப் பற்றவைத்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய காற்று. தரையில் என்றால் தாள் நாலு பக்கமும் எரிந்து ஓட்டையாகும், மேல்பக்கம் வேகமாக. அங்கே தீ காற்று வரும் திசையை நோக்கி எதிர்த்து நடந்தது. விசிறி விரித்ததுபோல் கரிந்த தடம். பின்பக்கம் பெரும்பாலும் அப்படியே வெள்ளையாக நின்றது.

முதலில் நம்பவில்லை. பிறகு தட்டில் சோறு வைத்து யோசித்தால் புரிந்தது. பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவர் பாயசத்தை முழுதும் வாங்கிக்கொண்டால் பின்னால் இருப்பவருக்கு வெறும் வாளிதான் வரும். தீயின் முன்விளிம்பு வருகிற ஆக்சிஜனைத் தின்றுவிட்டு எரிந்த வாயுவைப் பின்னால் அனுப்புகிறது. பின்விளிம்புக்குப் பட்டினி. காற்று பலமாக வீசினால் பின்னாலும் மிஞ்சும். எங்கள் குழாயில் வீசுவது புயல், அதனால் தீ கூடவே பறக்கிறது. மெல்லிய காற்றில் மிஞ்சாது. ஆகவே தீ சோறு வரும் வாசலைப் பார்த்து நகர்கிறது.

அதாவது விண்வெளியில் மெல்லிய காற்று வரும் பக்கம்தான் தீ பரவும் பக்கம். தரையில் நான் இத்தனை காலம் சொன்னதற்கு நேர் எதிர்.

14 மே, இரவு

இன்னும் மோசம். சில பொருட்கள் தரையில் பற்ற மறுக்கும் அளவுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றிலும், நுண்ணீர்ப்பில் மெல்லிய காற்றோட்டம் கிடைத்தால் எரிகின்றன என்று நிலையத்தில் செய்த சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். தரையில் சூடான வாயுவின் சொந்த ஓட்டமே சுடரை ஓரளவு இழுத்து அலைக்கழிக்கிறது, பலவீனமான தீ அதிலேயே அறுந்துபோகும். அங்கே அலைக்கழிப்பார் இல்லை. நோஞ்சானும் பிழைத்துக்கொள்கிறது.

இங்கே அம்மாவின் ஊதுகுழல் நினைவுக்கு வருகிறது. விறகடுப்பில் அதே மூச்சுதான் கங்கைப் பற்றவைக்கும். அதே மூச்சுதான் அகல்விளக்கை அணைக்கும். எவ்வளவு ஊதுகிறோம் என்பதில்தான் எல்லாம். விண்வெளியில் பிறந்தநாள் கேக்கின் முன் குழந்தை மெல்ல ஊதினால் மெழுகுவத்தி இன்னும் பிரகாசமாக எரியும்.

15 மே

கற்பூர ஆரத்தி காட்டினால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: தட்டை அசைக்காமல் பிடித்தால் நீலமாகச் சுருங்கும். சுற்றினால் சுற்றுகிற காற்றில் எரியும். சுற்றத்தான் வேண்டும் என்று யார் முதலில் சொன்னாரோ. ஆனால் கற்பூரம் தட்டில் இருக்காது, அது வேறு பிரச்சினை. மணி அடிப்பவரும் மிதந்துகொண்டிருப்பார்.

கூத்தாகத் தோன்றலாம், ஆனால் 2023 செப்டம்பர் 21 அன்று சீனாவின் தியாங்கோங் நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நேரலைப் பாடத்தில் இரண்டு வீரர்கள் தீக்குச்சி கிழித்து மெழுகுவத்தி ஏற்றிக் காட்டினார்கள். உருண்டைக்கு நெருக்கமான சுடர். பன்னாட்டு நிலையத்தில் இப்படித் திறந்தவெளியில் ஏற்ற மாட்டார்கள், மூடிய பெட்டிக்குள்தான். பார்த்துக்கொண்டிருந்தபோது என் கை தன்னால் சிவப்புப் பொத்தானைத் தேடியது.

19 மே

"எல்லாம் நீல மொட்டு என்றால் பயப்பட என்ன இருக்கிறது?" என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு மிர் நிலையத்தின் 1997 பிப்ரவரி 23-ஐச் சொல்ல வேண்டும்.

அன்று ஆட்கள் ஆறு பேர். மூச்சுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும் என்று, சூடாக்கினால் ஆக்சிஜன் விடும் லித்தியம் பெர்குளோரேட் குடுவை ஒன்றை ரஷ்ய வீரர் லசூத்கின் இயக்கினார். அது தீப்பிடித்தது. இங்கே உருண்டைச் சுடர் பேச்சே கிடையாது. விரவலுக்காகக் காத்திருக்க வேண்டாத தீ இது. ஆக்சிஜனைத் தானே உமிழ்ந்து தானே தின்னும் தீ. ஊதுலை வாய்போலச் சீறியது, உருகிய உலோகம் சிதறியது. தப்பிச்செல்ல இரண்டு சோயூஸ் கலங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இடம். அவற்றில் ஒன்றுக்குப் போகும் வழியில்தான் தீ. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் எரிந்தது? முதலில் வந்த அறிவிப்பில் 90 நொடி. உள்ளே இருந்த அமெரிக்க வீரர் ஜெர்ரி லினெங்கர் 14 நிமிடம் என்றார். விபத்து அறிக்கைகளை எழுதியும் படித்தும் பழகியவன் என்ற முறையில் நான் எப்போதும் உள்ளே இருந்தவர் பக்கம்தான். தீயின் முன் நேரம் நீளும் என்பதும் உண்மை. அறிக்கையில் நேரம் சுருங்கும் என்பதும் உண்மை.

நிலையத்தின் குழுத் தலைவர் கோர்சுன் தீயணைப்பான் ஒவ்வொன்றாக அடித்துத் தீர்த்தார். தரையில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைத் திறந்தால் கொம்பு உதறும், காலை அகட்டி ஊன்றிக்கொள்வோம். அங்கே ஊன்றத் தரை ஏது? பீய்ச்சினால் பீய்ச்சுகிறவர் பின்னால் போவார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் இதை யோசித்ததில்லை.

ஆறு பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

20 மே

நேற்றைய குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். காற்றை நிறுத்து என்ற என் மந்திரம் மிர் தீயிடம் பலிக்காது. ஆக்சிஜனைக் கூடவே கட்டிக்கொண்டு வருகிற தீக்கு விசிறியை நிறுத்தி என்ன பயன்? சூட்டைத்தான் எடுக்க வேண்டும். மிர்ரின் தீயணைப்பான்களில் இருந்தது நீர் கலந்த நுரை. பன்னாட்டு நிலையத்தில் கார்பன் டை ஆக்சைடோடு நுண்நீர்த்துளித் தீயணைப்பான்களும் சேர்ந்திருக்கின்றன. மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடை அடித்தால் தீக்கு முன் நாம் மயங்குவோம் என்பதால் முகமூடி மாட்டாமல் தொடக் கூடாது. பஞ்சு பேலுக்கும் கார்பன் டை ஆக்சைடு உதவாது. மேலே அணைந்ததுபோல் காட்டிவிட்டு உள்ளே நாள்கணக்கில் கனலும். பேலைப் பிரித்து நனைத்தால்தான் தூக்கம் வரும்.

2 ஜூன்

ஆடிட் வந்ததால் இரண்டு வாரம் காணாமல் போனேன்.

இடையில் படித்ததில் மறக்க முடியாதது: பன்னாட்டு நிலையத்தில் ஹெப்டேன் என்ற திரவ எரிபொருளின் துளிகளை எரித்துப் பார்த்தார்கள். சுடர் அணைந்தது. கதை முடிந்தது என்று பார்த்தால் துளி தொடர்ந்து சுருங்கிக்கொண்டே போனது. எரியாமல் எப்படிச் சுருங்கும்? கண்ணுக்குத் தெரியாத குளிர்த்தீ ஒன்று அதைத் தின்றுகொண்டிருந்தது; சாதாரணச் சுடரின் சூட்டில் பாதிகூட இல்லாத சூட்டில். கண்டுபிடித்தவர்களும் முதலில் நம்பவில்லை என்று நினைக்கும்போது என் பகல்நேர வாளி எனக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை.

'அணைந்துவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலையின் பகுதி. இனி பேனா கொஞ்சம் தயங்கும்.

3 ஜூன்

பெரிய தீயை ஏன் யாரும் அங்கே வைத்துப் பார்க்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். வைத்தார்கள். ஆட்கள் இருக்கும் இடத்தில் முடியாதே. சிக்னஸ் என்ற சரக்குக்கலம் சாமான்களை நிலையத்தில் இறக்கிவிட்டுக் குப்பையோடு திரும்பி வளிமண்டலத்தில் எரிந்துபோகும். எப்படியும் எரியப்போகிற கலம், அதற்குள்ளேயே சோதனை. 2016 ஜூனில் முதல் முறை, 2024 ஜனவரியில் ஆறாவதும் கடைசியும். முதல் சோதனையில் கொளுத்தியது பஞ்சும் கண்ணாடி இழையும் கலந்த துணி, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலம், 94 சென்டிமீட்டர் நீளம். பஞ்சு! எங்கள் ஆள்!

தரையில் அப்படி ஒரு துணியை அடியில் பற்றவைத்தால் தீ ஏற ஏறப் பெருத்துக்கொண்டே போகும். அங்கே ஓர் அளவுக்குப் பெருத்ததும் நின்று, அதே அளவில் மெதுவாக நகர்ந்தது. கூடப் பெருக்கும் இழுப்பு இல்லாததால். இது மட்டும்தான் இந்தப் பக்கத்தில் எனக்கு ஆறுதலான செய்தி.

8 ஜூன்

இதை எழுதலாமா என்று இருந்தேன். 2003-இல் கொலம்பியாவின் கடைசிப் பயணத்தில் தீப்பந்துச் சோதனை ஒன்று இருந்தது. திரி கிடையாது, துளி கிடையாது. மிக மெலிந்த வாயுக்கலவைக்குள் அந்தரத்தில் நிற்கும் தீயுருண்டை. இப்படி ஒன்று இருக்க முடியும் என்று சோவியத் இயற்பியலாளர் செல்டோவிச் 1944-இல் கணக்கில் காட்டினார். நாற்பது ஆண்டு கழித்துப் பால் ரோனி என்ற அமெரிக்க ஆய்வாளர் விழுகோபுரச் சோதனையில் தற்செயலாகக் கண்டார். ஒரு வாட் அளவுக்குத்தான் சக்தி. பிறந்தநாள் மெழுகுவத்தியோடு ஒப்பிட்டால் தூசு. அந்தப் பயணத்தில் வீரர்கள் உருண்டைகளுக்குப் பெயர் வைத்தார்கள். கெல்லி என்று பெயர் வைத்த ஒன்று 81 நிமிடம் எரிந்தது.

கல்பனா சாவ்லா இருந்த பயணம் அது. பிப்ரவரி 1 அன்று அவர்கள் திரும்பவில்லை. சோதனையின் தரவில் பெரும்பகுதி முன்பே கீழே வந்துசேர்ந்திருந்தது.

21 ஜூன்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பிள்ளை பாதி மதிப்பெண்ணோடு சமாதானமாகிவிட்டாள், வாளிப் படத்தைப் பார்க்க வேண்டுமாம். புதிதாக எடுக்கலாம் என்று நேற்று இரவு மாடி ஏறினேன். பாட்டில் விவரம் வீட்டில் தெரிந்துவிட்டதால் இப்போது பிளாஸ்டிக் டப்பா.

மூன்றாவது முறை ஒரு கோளாறு. மூடியைத் திருகுவதற்குள் நேரமாகிவிட்டது. உள்ளே ஆக்சிஜன் குறைந்துபோய், கையை விட்ட சில படங்களிலேயே நீல மொட்டு உண்மையாகவே அணைந்தது. வீணாய்ப் போயிற்று என்று அழிக்கப் போனவன் படம் படமாக நகர்த்திப் பார்த்தேன். மெழுகுவத்தி அணைந்ததும் ஒரு வெள்ளைப் புகை எழுமே, அது எழவில்லை. திரியைச் சுற்றி வெண்பஞ்சு உருண்டைபோல் கூடி நின்றது. எந்தப் பக்கமும் போகவில்லை. நாற்பது படம் வரை எண்ணினேன், அப்படியே நின்றது. மெத்தையில் விழுந்த படத்தில்தான் அதற்கு மேல் எது என்று தெரிந்ததுபோல் நூலாக நீண்டு டப்பாவின் கூரைக்குப் போனது.

அந்தப் படத்தைத்தான் பிள்ளைக்கு அனுப்புகிறேன்.